எதிரணிக்கு ஒரு கையுறை

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றியின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்த நாடு வென்றது, யார் எத்தனை கோல் அடித்தார், கோப்பையை ஏந்தியவர் யார் என்பனவெல்லாம் ஏடுகளில் ஒழுங்காகப் பதிவாகின்றன. ஆட்டம் தொடங்குமுன் இரு அணித் தலைவர்களும் நடுக்களத்தில் நின்று கைகுலுக்கி, சிறிய முக்கோணக் கொடியொன்றைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றனரே, அந்தக் காட்சியை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. சில நொடிகளில் முடிந்துவிடும் அச்செயலுக்குக் கால்பந்தாட்ட விதிகளில் இடமில்லை. அதனைச் செய்யாவிட்டாலும் நடுவர் ஊதுகுழலை ஊதத்தான் செய்வார். ஆயினும் உலகெங்கும் செய்கின்றனர். வெல்ல வேண்டியவனுக்கு ஆட்டம் தொடங்குமுன் பரிசு கொடுப்பானேன்? இவ்வினா சிறிதாகத் தோன்றினும் இதன் வேர் ஆழமானது.

இவ்வினாவை எங்கள் உள்ளத்தில் எழுப்பியவர் அறிஞர் எவருமல்லர், எங்கள் பிள்ளைகளே. சில ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் நடந்த சிறுவர் கால்பந்துப் போட்டியொன்றில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் கலந்துகொண்டனர். எதிரே ஆட வந்தவர்கள் வடகிழக்கு மாநிலமொன்றின் பள்ளிச் சிறுவர்கள். மூன்று நாள் இரயிலில் பயணம் செய்து வந்திருந்தனர். ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் வரிசையாக வந்து, நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் மூங்கிலால் செய்த சிறு சாவி வளையம் ஒன்றை வைத்தனர். நம் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. வெறுங்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றனர். அழைத்துச் சென்ற பெரியவர்களாகிய எங்களுக்கும் அவ்வாறு ஒரு வழக்கம் உண்டு என்பது அதுவரை தோன்றியதில்லை.

அன்றைய ஆட்டத்தில் நம் பிள்ளைகளே வென்றனர். எனினும் திரும்பும் வழியில் பேருந்தில் ஆரவாரம் எழவில்லை. கடைசி இருக்கையிலிருந்து ஒரு சிறுவன், "அவங்களுக்கு நாம ஒண்ணுமே குடுக்கலியே" என்றான். அதன்பின் பேருந்தில் பேச்சே இல்லை. வென்றவன் கடன்பட்டவனாக வீடு திரும்பிய அந்நாளின் நினைவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

போர்க்களத்தில் ஒரு மாற்று

பகைவரோடு பொருள் மாற்றிக்கொள்ளும் வழக்கம் விளையாட்டுக்கு முன்பே போரில் தோன்றியது. கிரேக்க மகாகவி ஓமரின் இலியத்து என்னும் காவியத்தின் ஆறாம் காண்டத்தில் இரு வீரர்கள் எதிரெதிரே வந்து நிற்கின்றனர். ஒருவன் கிரேக்கர் பக்கத்து தியோமீதன். மற்றவன் திராய் நகரத்தாருக்குத் துணைவந்த கிளௌகன். போர் தொடங்குமுன் குலம் கேட்கின்றான் தியோமீதன். கிளௌகன் தன் முன்னோர் வரலாற்றைக் கூற, இருவருடைய பாட்டன்மாரும் ஒரு காலத்தில் ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்துண்டு, ஒருவர் பொற்கிண்ணமும் மற்றவர் செந்நிற இடைக்கச்சையும் தந்து நட்புப் பூண்டவர்கள் என்பது தெரியவருகிறது. உடனே தியோமீதன் தன் ஈட்டியை நிலத்தில் ஊன்றுகின்றான். நமக்குள் போர் வேண்டா என்று இருவரும் உறுதி செய்துகொண்டு கவசங்களை மாற்றிக்கொள்கின்றனர்.

இங்கே ஓமர் ஒரு குறும்பு செய்கின்றார். கிளௌகன் கொடுத்தது நூறு மாடு பெறுமதியுள்ள பொற்கவசம்; வாங்கிக்கொண்டது ஒன்பது மாடு பெறுமதியுள்ள வெண்கலக் கவசம். கிளௌகனுடைய அறிவைத் தெய்வம் பறித்துவிட்டது போலும் என்கிறார் கவிஞர். ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளாகக் கற்றோர் இந்த இடத்தைப் பற்றி வாதிட்டு வருகின்றனர். கொடுத்ததற்குச் சமமாக வாங்கவேண்டும் என்பது கடைத்தெருவின் கணக்கு. கிளௌகன் செய்ததோ கடைத்தெருவின் வேலையன்று. ஆயினும் கணக்குப் பார்க்கும் கண் அன்றே விழித்துக்கொண்டது என்பதற்கு அக்காட்சி சான்று.

அடுத்த காண்டத்திலேயே வேறொரு மாற்று நிகழ்கின்றது. எக்தரும் அயாக்சும் பொழுது சாயும்வரை தனித்துப் பொருது, வெற்றி தோல்வியின்றி நிறுத்துகின்றனர். எக்தர் தன் வாளைத் தருகின்றான். அயாக்சு தன் இடைக்கச்சையைத் தருகின்றான். இந்நிகழ்ச்சிக்குப் பிற்கால நாடகாசிரியர் சோபகிளீசு ஒரு கொடிய முடிவு கண்டார். அந்த வாளின் மேலேயே வீழ்ந்து அயாக்சு மாய்கின்றான். அந்தக் கச்சையாலேயே எக்தரின் உடல் தேரில் பிணிக்கப்படுகின்றது. பகை மாறாமல் கொடுத்த பரிசு நன்மை தராது என்பது அவர் உணர்த்திய செய்தி. ஆக, மாற்றிக்கொள்வதால் மட்டும் பகை நீங்கிவிடாது என்பதையும் பண்டையோர் உணர்ந்தேயிருந்தனர்.

கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தரல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் இருவர் இவ்வழக்கத்தை ஆராய்ந்தனர். மலினோவ்சுகி என்பவர் பசிபிக் கடலில் நியூகினிக்குக் கிழக்கே உள்ள தீவுகளில் தங்கி, அம்மக்களின் 'கூலா' என்னும் மாற்று வழக்கத்தை 1922-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சிவந்த சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு வலமாகச் சுற்றி வரும்; வெண்சங்கு வளைகள் இடமாகச் சுற்றி வரும். எவரும் அவற்றை நிலையாக வைத்துக்கொள்வதில்லை. ஓராண்டோ ஈராண்டோ வைத்திருந்து, கடல் கடந்து சென்று அடுத்த தீவினனுக்கு அளித்துவிடுவர். அப்பொருளால் உணவில்லை, உடையில்லை. உறவு மட்டுமே உண்டு.

பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோசு 1925-இல் வெளிவந்த தம் ஆய்வில் இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கி, பரிசு என்பதற்குள் மூன்று கடமைகள் அடங்கியுள்ளன என்று காட்டினார். கொடுப்பது ஒரு கடமை. கொடுத்ததை ஏற்பது ஒரு கடமை. ஏற்றதற்குத் திருப்பித் தருவது ஒரு கடமை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் உறவு அந்தரத்தில் நிற்கும். எங்கள் பிள்ளைகள் மூங்கில் வளையத்தை ஏந்திக்கொண்டு மூன்றாவது கடமையைச் செய்ய இயலாமல் நின்றபோது உணர்ந்தது இதனைத்தான். நூல் எதையும் படியாமலே அவர்களுக்கு அது விளங்கிவிட்டது.

தமிழர்க்கு இது புதிதுமன்று. கையில் கொண்டுசென்று கொடுக்கும் அன்பளிப்பைச் சங்கப் புலவர்கள் 'கையுறை' என்றனர். தலைவன் தழையும் பூவும் கையுறையாகக் கொண்டு வருவான். தோழி அதனை ஏற்றுக்கொண்டால் அவன் காதல் ஏற்கப்பட்டது என்பது பொருள். அவள் ஏற்க மறுக்கும் இடத்திற்குக் 'கையுறை மறுத்தல்' என்றே துறை வகுத்தனர். குறுந்தொகையின் முதற்பாட்டு அத்துறையில் அமைந்ததே. ஒரு பூவை வாங்குவதா மறுப்பதா என்பதில் இரு உயிர்களின் வருங்காலமே அடங்கியிருப்பதை உணர்ந்தவர் நம் முன்னோர். இன்றைக்கோ கையுறை என்றால் விக்கெட் காப்பாளரும் கோல் காப்பாளரும் அணியும் கைக்கவசமே நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகிறது. விளையாட்டுக் களத்திலேயே அச்சொல்லின் பழம்பொருளையும் மீட்டுக்கொள்ள இயலும் என்பது எங்கள் எண்ணம்.

அட்டை வட்டும் ஆட்டச் சட்டையும்

இக்கால விளையாட்டில் இவ்வழக்கம் எவ்வாறு புகுந்தது என்பதை இனி நோக்குவோம். 1896-இல் ஏதென்சு நகரில் நவீன ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கியபோது, ஆடுவோர் யார், அலுவலர் யார், செய்தியாளர் யார் என்று இனங்காண அட்டையாலான சிறு வட்டுகளைச் சட்டையில் அணிவித்தனர். அடையாளத்திற்காகத் தோன்றிய அச்சின்னங்களை வீரர்கள் நட்புக்கு அறிகுறியாகத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாயினர். பின்னர் அட்டை போய் உலோகம் வந்தது. 'பின்' என வழங்கும் சட்டைச் சின்னங்களை மாற்றிக்கொள்வது இன்று ஒலிம்பிக் ஊர்களில் நீங்காத வழக்கம்.

கால்பந்தில் ஆட்டச் சட்டையையே மாற்றிக்கொள்ளும் வழக்கம் 1931-இல் தோன்றியதாகக் கூறுவர். அவ்வாண்டு மே மாதத்தில் பிரான்சு அணி இங்கிலாந்தை 5-2 என்ற கணக்கில் வென்றது. அதுவே இங்கிலாந்தின்மேல் பிரான்சு பெற்ற முதல் வெற்றி. மகிழ்ச்சி மிகுந்த பிரெஞ்சு வீரர்கள், அந்நாளின் நினைவாக ஆங்கிலேயர் அணிந்திருந்த சட்டைகளைக் கேட்டுப் பெற்றனராம். தோற்றவரிடம் வென்றவர் பணிந்து கேட்டுப் பெற்ற பொருள் அது என்பதைக் கருதவேண்டும். கொள்ளையடித்த பொருளாயின் அதற்கு வேறு பெயர் உண்டு.

கொடுக்க மறுத்த காட்சியும் உண்டு. 1966-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால் இறுதியில் இங்கிலாந்தும் அர்சென்டினாவும் இலண்டன் வெம்பிளி அரங்கில் மோதின. ஆட்டம் முழுவதும் கசப்பு. இங்கிலாந்து 1-0 என வென்றது. முடிவில் ஆங்கில வீரர் சார்ச் கோகன் தம் சட்டையை எதிரணி வீரர் ஒருவருடன் மாற்றிக்கொள்ள முற்பட்டபோது, பயிற்சியாளர் ஆல்ப் ராம்சே ஓடிவந்து சட்டையைப் பற்றித் தடுத்தார். ஒரு முனையை எதிரணி வீரர் பிடித்திருக்க, மறுமுனையைப் பயிற்சியாளர் இழுக்கும் அப்புகைப்படம் உலகப்புகழ் பெற்றது. இரு நாடுகளின் கால்பந்துப் பகைமை நெடுங்காலம் நீடித்ததற்கு அந்நாளும் ஒரு காரணம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1970 ஜூன் 7-ஆம் நாள் மெக்சிகோவின் குவாதலகாரா நகரில் பிரேசில் அதே இங்கிலாந்தை 1-0 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் பிரேசிலின் பெலேயும் இங்கிலாந்து அணித்தலைவர் பாபி மூரும் வியர்வையில் நனைந்த சட்டைகளை மாற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தொட்டு முறுவலித்து நின்றனர். தோற்ற அணியின் தலைவர் முகத்திலும் அங்கே தோல்வியின் நிழல் இல்லை. அதே நாட்டு வீரர்கள், அதே செயல், நான்கே ஆண்டு இடைவெளி. முன்னதில் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். பின்னதில் எவரும் வரவில்லை. வேறுபாடு அவ்வளவே.

பேருந்தில் ஒரு பட்டுச் சித்திரம்

சிறு பரிசொன்று வரலாற்றின் போக்கிலேயே இடம்பெற்ற நிகழ்ச்சி 1971-இல் சப்பானின் நகோயா நகரில் நடந்தது. அங்கே 31-ஆம் உலக மேசைப்பந்துப் போட்டி மார்ச்சு 28 முதல் ஏப்ரல் 7 வரை நடைபெற்றது. பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பால் 1967, 1969 ஆகிய ஈராண்டுப் போட்டிகளுக்கும் வராதிருந்த சீன அணி அவ்வாண்டு வந்திருந்தது. அந்நாளில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே தூதுறவு இல்லை. கொரியப் போரில் ஒருவரையொருவர் கொன்ற நினைவு மறையவில்லை.

சீன அணியினர் புறப்படுமுன் அவர்களுக்கு அரசு விதித்த கட்டுப்பாடுகள் இன்று படிப்போர்க்கு வியப்பளிக்கும். அமெரிக்கர்களைச் சந்தித்தால் தாமாக முன்சென்று பேசுதல் கூடாது. அவர்களோடு ஆட நேர்ந்தால் கைகுலுக்கலாம். அணிக்கொடிகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாகாது. கைகுலுக்கலை ஒப்புக்கொண்ட அரசு, ஒரு முழத் துணியை மாற்றிக்கொள்வதைத் தடுத்தது. கொடுத்து வாங்குவதில் உறவு பிறந்துவிடும் என்பதை அரசு நடத்துவோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஏப்ரல் 4-ஆம் நாள், அமெரிக்க அணியைச் சேர்ந்த கிளென் கோவன் என்னும் இருபது வயது நிரம்பாத இளைஞன் சீன அணியின் பேருந்தில் ஏறினான். நீண்ட முடியும் அமெரிக்கச் சின்னம் பொறித்த மேற்சட்டையுமாக அவன் நின்றான். பேருந்தினுள் எவரும் வாய் திறக்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் சுவாங் செதோங் அமர்ந்திருந்தார். 1961, 1963, 1965 ஆகிய மூன்று போட்டிகளிலும் ஒற்றையர் உலகப் பட்டம் வென்றவர் அவர். பத்து நிமிடம் போலத் தயங்கினார். எழுந்தபோது உடனிருந்தவர்கள் வேண்டா என்று தடுத்தனர். அவரோ தம் பையிலிருந்து ஹுவாங்ஷான் மலைக்காட்சி அமைந்த பட்டுச் சித்திரம் ஒன்றை எடுத்து, மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசி, அவ்விளைஞனிடம் அளித்தார்.

கோவன் திருப்பித் தர எதையேனும் தேடினான். பையில் ஒரு சீப்புதான் அகப்பட்டது. சீப்பை எப்படிக் கொடுப்பது என்று கூச்சப்பட்டான். பேருந்து நின்றதும் புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டனர். மறுநாள் கோவன் ஒரு சட்டையை வாங்கிக்கொண்டு தேடிவந்து சுவாங்கிடம் கொடுத்தான். சிவப்பு, வெள்ளை, நீல நிறக் கொடியில் அமைதிச் சின்னம் அமைந்த சட்டை அது. கடன் தீர்ந்தது.

அமெரிக்க அணியைச் சீனாவுக்கு அழைப்பது வேண்டா என்றே சீன வெளியுறவு அமைச்சகம் பரிந்துரைத்திருந்தது. ஏப்ரல் 6-ஆம் நாள் இரவு மாவோ அம்முடிவை மாற்றி, அழைக்கும்படி ஆணையிட்டார். ஏப்ரல் 10-இல் அமெரிக்க அணியினர் ஆங்காங்கிலிருந்து பாலம் கடந்து சீன மண்ணை மிதித்தனர். 14-இல் தலைமையமைச்சர் சௌ என்லாய் அவர்களை வரவேற்றார். அவ்வாண்டு ஜூலையில் கிசிங்கர் மறைவாகப் பெய்ஜிங் சென்றார். 1972 பிப்ரவரி 21-இல் குடியரசுத் தலைவர் நிக்சனே அங்கு சென்றிறங்கினார். 1979 சனவரி முதல் நாள் இரு நாடுகளுக்கும் தூதுறவு ஏற்பட்டது.

இவையனைத்தும் ஒரு பட்டுத்துணியால் விளைந்தன என்று கூறுதல் மிகையாகும். பாகிஸ்தான் வழியாக மறைமுகப் பேச்சு முன்பே நடந்துவந்தது. சோவியத்து அச்சம் இரு நாடுகளையும் நெருங்கச் செய்தது. அரசுகள் கதவின் இருபுறமும் நின்று, முதலில் தட்டுபவர் யார் என்று காத்திருந்தன. ஆணையை மீறி எழுந்த ஒரு விளையாட்டு வீரர் தட்டினார். அவ்வளவே நாம் கூறத்தக்கது, அதுவே சிறிதன்று. கோவன் 2004-இலும் சுவாங் 2013-இலும் மறைந்தனர்.

இந்நிகழ்ச்சிக்கு நம் நாட்டிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. 1975 பிப்ரவரியில் 33-ஆம் உலக மேசைப்பந்துப் போட்டி கல்கத்தாவில், அதற்கெனக் கட்டிய நேதாஜி உள்ளரங்கத்தில் நடைபெற்றது. 1962-ஆம் ஆண்டுப் போரின் புண் ஆறாதிருந்த அக்காலத்தில் சீன அணி வந்து ஆடி, ஆடவர், மகளிர் ஆகிய இரு குழுப் பட்டங்களையும் வென்றது. மறு ஆண்டு, 1976-இல், இரு நாடுகளும் மீண்டும் தூதர்களை அமர்த்தின. பிற்காலத்தில் நம் குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன் அப்போது தூதராகச் சென்றார். இங்கும் விளையாட்டே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் தூதர் வருமுன் மட்டையேந்தியோர் வந்தனர் என்பது வரலாறு.

சிறுவர் நடத்தும் வாணிகம்

பெரியோர் நாட்டின் பெயரால் தயங்கித் தயங்கிச் செய்வதைச் சிறுவர் இயல்பாகச் செய்கின்றனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்சுபோர்ட்டு நகரில் கார்ல் சுடாட்சு என்பவர் 1939-இல் மூன்று அணிகளைக்கொண்டு சிறுவர் பேசுபால் கழகத்தைத் தோற்றுவித்தார். 'லிட்டில் லீக்' என்பது அதன் பெயர். 1947 முதல் ஆண்டுதோறும் இறுதிப்போட்டி அங்கே நடைபெறுகின்றது. பன்னிரண்டு வயதளவிலான பிள்ளைகள் உலகின் பல பகுதிகளிலிருந்தும் வருகின்றனர். 2022 முதல் இருபது அணிகள் ஆடுகின்றன. பத்து அமெரிக்க அணிகள், பத்துப் பிற நாட்டு அணிகள்.

அங்கு வரும் ஒவ்வோர் அணியும் தன் ஊர்ப் பெயர் பொறித்த சட்டைச் சின்னங்களைக் கொண்டுவருகின்றது. அணிகளெல்லாம் ஒரே வளாகத்தில் தங்குகின்றன. ஆட்டமில்லா வேளைகளில் ஒருவர் மொழி ஒருவர்க்குத் தெரியாத பிள்ளைகள் எதிரெதிரே நின்று, இதற்கு அது, அதற்கு இது என்று விரலாலும் கண்ணாலும் பேரம் பேசுவர். சப்பான் சிறுவனுக்கு ஆங்கிலம் தேவைப்படுவதில்லை. மெக்சிகோ சிறுவனுக்குச் சப்பான் மொழி தேவைப்படுவதில்லை. நாளை களத்தில் தோற்கடிக்க வேண்டியவனின் ஊர்ப் பெயர் இன்றே தன் தொப்பியில் மின்னுகின்றது. அவனைப் பகைவன் என்று எண்ணுவது அதன்பின் கடினம்.

ஆனால், ஓமர் சுட்டிய நூறு மாட்டுக் கணக்கு அங்கும் தொடராமல் இல்லை. அரிய சின்னங்களுக்கு விலை ஏறியது. தொகுப்பதையே தொழிலாகக்கொண்ட பெரியவர்கள் பைகளோடு வந்து பிள்ளைகளோடு பேரம் பேசலாயினர். ஒலிம்பிக் சின்னங்களின் கதையும் இதுவே. 1980-களில் அவ்வழக்கம் பொதுமக்களிடையே பரவியது. 1988-இல் கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் குளிர்பான நிறுவனமொன்று மாற்று நிலையமே நடத்தியது. வழக்கம் வளர்ந்தது என்று மகிழ்வோர் உண்டு. எனினும், கொடுப்பவன் முகத்தைப் பாராமல் பொருளின் விலையைப் பார்க்கத் தொடங்கும் கணத்தில் கையுறை சரக்காகிவிடுகின்றது. ஆதலின் எதிரணிக்குக் கொடுக்கும் பொருள் சிறியதாயிருத்தல் குறையன்று. அதுவே அதன் காப்பு. விற்றால் விலை போகாத பொருளே கொடுத்தவனை நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

2010 ஆகத்தில் சிங்கப்பூரில் முதல் இளைஞர் ஒலிம்பிக் போட்டி நடந்தது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயுள்ள அந்நாட்டில் 14 முதல் 18 வயதுக்குட்பட்ட சுமார் 3,600 பேர் கூடினர். அங்கே ஒரு புதுமை செய்தனர். சில ஆட்டங்களில் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளையே ஓரணியாகச் சேர்த்து ஆடவிட்டனர். பொருள் மாற்று போய் ஆள் மாற்றே நிகழ்ந்தது எனலாம். எதிரணி என்னும் சொல்லே அங்குப் பொருளிழந்தது.

நம் பிள்ளைகளும் நாமும்

நம் நாட்டில் இதற்கு வாய்ப்பு மிகுதி. விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்சியின் எண்ணத்தில் உருவான பள்ளிக் கால்பந்துப் போட்டி 1960 முதல் தில்லியில் நடந்துவருகின்றது. மாநிலந்தோறுமிருந்து பள்ளிப் பிள்ளைகள் வருகின்றனர். வங்கதேசம் முதலான அண்டை நாட்டு அணிகளும் வந்து ஆடியுள்ளன. ஒரு மொழி பேசும் பிள்ளை மற்றொரு மொழி பேசும் பிள்ளையை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இத்தகைய களங்களைப் போல் வேறில்லை. பாடநூலில் பல மாநிலங்களைப் படிக்கின்றனர்; களத்தில்தான் ஒரு மாநிலத்தின் கையைப் பற்றுகின்றனர்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதில் தனிப்பங்கு உண்டு. நம் பிள்ளைகள் பிறந்தது இங்கே, வளர்வது இங்கே, ஆடும் அணி இவ்வூர் அணியே. 'உன் ஊர் எது?' என்று எவரேனும் கேட்டால் ஒரு நொடி திகைக்கின்றனர். சொல்லால் விடை சொல்லத் தயங்கும் பிள்ளை பொருளால் விடை சொல்லக்கூடும். தன் கையிலுள்ளதைப் பிறனுக்குக் கொடுக்குமுன், இது எங்கு, யாரால், எப்படிச் செய்யப்பட்டது என்று தான் அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா? பிறனுக்குக் கொடுக்கப்போய்த் தன்னுடையதை அறிகின்றான். இவ்வகையில் கையுறை வாங்குவோனைவிடக் கொடுப்போனுக்கே மிகுதியாகப் பயன்படுகின்றது.

எங்கள் பேருந்துக்கு மீண்டும் வருவோம். அன்றிரவே குடியிருப்பில் செய்தி பரவியது. தாய்மார் கூடி வீட்டிலிருந்ததைத் தொகுத்தனர். விடுமுறைக்கு ஊர் சென்று வந்த ஒருவர் வீட்டில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருந்தது. மற்றொருவர் வீட்டில் கொலுவுக்கு வாங்கிய சிறு தலையாட்டி பொம்மைகள் இருந்தன. காலையில் அவற்றை எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் தங்கியிருந்த விடுதிக்கு நம் பிள்ளைகளோடு சென்றோம். தோற்ற அணிக்கு மேல் ஆட்டமில்லை. ஆகவே விடியற்காலை வண்டிக்கே அவர்கள் புறப்பட்டுவிட்டனர் என்று காவலர் கூறினார். நம் பிள்ளைகள் வென்றதாலேயே அவர்கள் சென்றுவிட்டனர். பொம்மைப் பெட்டியைச் சுமந்துகொண்டு திரும்பினோம்.

நகோயாவில் கோவனுக்கு ஒரு மறுநாள் கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. பள்ளியின் முகவரியைக் கேட்டுப் பொட்டலம் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததா என்பதற்கு விடை இதுவரை வரவில்லை. அஞ்சலில் அனுப்புவது கையில் கொடுப்பதற்கு ஈடாகாது என்பதையும் அன்று உணர்ந்தோம். கையுறை என்னும் சொல்லில் கை இருப்பது வீணன்று.

அதுமுதல் எங்கள் பிள்ளைகள் எவ்வூருக்கு ஆடச் சென்றாலும் காலணி, பந்து, தண்ணீர்க் குப்பி ஆகியவற்றோடு ஒரு சிறு பெட்டியும் செல்கின்றது. அதில் என்ன வைப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்கின்றனர். பெரும்பாலும் தஞ்சைத் தலையாட்டி பொம்மையே வெல்கின்றது. காரணம் கேட்டோம். எத்தனை முறை தள்ளினாலும் அது எழுந்து நிற்கும். தோற்கிற அணிக்கு அது நல்லது என்றனர். 'நாம் தோற்றால்?' என்று கேட்டோம். நமக்குத்தான் வீட்டில் ஒன்று இருக்கிறதே என்றான் ஒருவன்.

பெற்றோர்க்கும் பயிற்சியாளர்க்கும் நாம் வேண்டிக்கொள்வது இதுவே. அடுத்த முறை பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும்போது எதிரே எத்தனை பேர் ஆடுவர் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை பேருக்கும் ஆளுக்கொன்றாக ஏதேனும் எடுத்துவையுங்கள். விலை மிகவேண்டா, நம் ஊர் மணம் இருந்தால் போதும். முதலில் கொடுப்பவர் நம் பிள்ளைகளாக இருக்கட்டும். எதிரணி வெறுங்கையோடு வந்திருந்தால் அவர்கள் கூசாதபடி கொடுக்கவும் கற்பியுங்கள். அந்த மூங்கில் வளையங்களைத் தந்த பிள்ளைகள் அப்படித்தான் தந்தனர். நம் பிள்ளைகளின் வெறுங்கையை அவர்கள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவ்வளையங்களுள் ஒன்று இன்றும் எங்கள் சங்க நூலகத்தின் சாவியைத் தாங்கிக்கொண்டிருக்கின்றது. நூலகத்தைத் திறக்கும்போதெல்லாம் அக்கடன் எங்கள் நினைவுக்கு வருகின்றது.